வேண்டாம் என்று சொல்வதற்குள்

ஷன்மதி அந்த யானையை நகர்த்தவில்லை. நகர்த்தலாமா என்று நினைத்தாள், அவ்வளவுதான். நினைத்த கையோடு வேண்டாம் என்றும் நினைத்தாள். அதற்குள் யானை சதுரங்கப் பலகையின் ஓரமாக வழுக்கிக்கொண்டு போய் நின்றுவிட்டது. அவள் பக்கத்துக் கடிகாரம் நின்று, எதிரில் உட்கார்ந்திருந்த ரெஜினாவின் கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

"போச்சு" என்றாள் ஷன்மதி, வாய்விட்டு.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரெஜினா சிரிக்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. நெற்றியைச் சுற்றியிருந்த சாம்பல் நிறப் பட்டையில் ஒரு சின்ன விளக்கு மின்னியது. கறுப்பு ராணி தானாகக் கிளம்பி வந்து, யானை விட்டுவந்த கட்டத்தில் உட்கார்ந்தது. அதற்கப்புறம் பார்க்க ஒன்றுமில்லை. இன்னும் மூன்று நகர்த்தல் தாக்குப்பிடித்துவிட்டு ஷன்மதி ஆட்டத்தை விட்டாள். ஏழு ஆட்டம் முடிந்தது. ரெஜினா நான்கு, ஷன்மதி மூன்று. கோயம்புத்தூரில் நடந்த அந்த உலக பிளிட்ஸ் இறுதிப் போட்டியில் பாக்கி இருந்தது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பிளிட்ஸ் என்றால் ஆளுக்கு மூன்று நிமிடம். ஒரு காலத்தில் அது கையும் மூளையும் சேர்ந்து ஓடும் ஆட்டமாக இருந்தது. காய் உருளும், கடிகாரத்தின் மேல் அறை விழும், தொட்டாய், தொடவில்லை என்று நடுவரைக் கூப்பிட்டுச் சண்டை நடக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் நெற்றிப்பட்டை வந்து இதையெல்லாம் ஒழித்துவிட்டது. ஆட்டக்காரர் மனதில் ஒரு நகர்த்தலை முடிவு செய்த கணத்தைப் பட்டை பிடித்துவிடும். பலகைக்கு அடியில் இருக்கும் காந்தம் காயை நகர்த்திவிடும். கை மடியைவிட்டு அசைய வேண்டியதில்லை. ஆட்டம் சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஷன்மதியைத் தவிர. திருப்பூர்க்காரியான அவளுக்குச் சதுரங்க உலகம் வைத்த பெயர் 'பாதிக்கை'. காயை நோக்கிக் கை போகும், நடுவானில் நிற்கும், திரும்பி வந்துவிடும். அப்படித் திரும்பி வந்த கை எத்தனையோ ஆட்டங்களில் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. பதின்மூன்று வயதிலிருந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து வந்த நாகர்கோவில் ரெஜினாவுக்கு அந்தக் கையைக் கண்டாலே எரிச்சல். "கவனத்தக் கலைக்கா" என்று பலமுறை நடுவரிடம் புகார் சொல்லியிருக்கிறாள். புகார் சொன்ன அன்றைக்கும் இரண்டு பேரும் ஒரே விடுதி அறையில்தான் தூங்கினார்கள், ரெஜினாவின் அம்மா கொடுத்தனுப்பிய நேந்திரம் சிப்ஸைச் சண்டை போட்டுக்கொண்டு தின்றார்கள். பட்டைக்கு முந்தைய கணக்கு: ஷன்மதி முப்பத்தொன்று, ரெஜினா பன்னிரண்டு.

பட்டை வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. முடிவெடுத்த பிறகு ஆட்டக்காரர் மனதை மாற்றிக்கொள்ள அரை விநாடி அவகாசம் தரலாமா, கூடாதா? விதிகளை வகுக்கும் குழுவில் ஓட்டெடுத்தார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் கூடாது என்று முடிவானது. அந்த ஒரு ஓட்டு ஆட்டக்காரர்களின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்த ரெஜினாவுடையது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அதற்கப்புறம் ஆடிய ஆட்டங்களில் பத்துக்கு எட்டு ரெஜினாவுக்கு. ஷன்மதிக்கு முப்பத்திநாலு வயதாகிவிட்டது, பழைய நிதானம் போய்விட்டது என்று எழுதினார்கள். ஒரு பத்திரிகை 'அவசரக்காரி' என்றே தலைப்பு போட்டது. நிதானமே தொழிலாக இருந்தவளை.

சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடப் போகவில்லை. அரங்கத்தின் பின்பக்கம், பட்டை நிறுவனத்தின் தொழில்நுட்ப அறைக்குப் போய்க் கதவைத் தட்டாமலே திறந்தாள். இர்ஃபான் என்ற பொறியாளர் தக்காளிச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். சின்ன வயதில் மாவட்டப் போட்டிகளில் ஆடியவர் என்பதால் அவள்மேல் ஒரு மரியாதை.

"என்ற பதிவெல்லாம் எனக்கு வேணுங்க. இந்த வருஷம் ரெஜினாகிட்டத் தோத்தது பூராவும்."

"மேடம், சாப்பிட்டுட்டு..."

"இப்ப வேணும். கேட்டா குடுக்கணும்னு விதி இருக்குதா இல்லையா?"

இருந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லை. இர்ஃபான் கையைத் துடைத்துக்கொண்டு திரையைத் திறந்தார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு பச்சைக் கோடு. சில இடங்களில் பச்சைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு.

"பச்சை என்னன்னா, மூளை முடிவெடுத்த இடம். முடிவெடுத்தாச்சுங்கறது நமக்கே உறைக்கறதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகுமுங்க. அந்த இடைவெளியில சில சமயம் உள்ளுக்குள்ள இன்னொண்ணு எந்திரிச்சு வேண்டாம்னு சொல்லும். அதுதான் இந்தச் சிவப்பு."

"அதையும் பட்டை பிடிக்குதா?"

"பிடிக்குது. பதிஞ்சும் வெச்சுக்குது. ஆனா கேக்காது. பச்சை வந்ததும் காயை நகர்த்திரும். விதி அப்படி."

ஷன்மதி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சற்று முன் தோற்ற ஆட்டத்தின் யானையைக் காட்டச் சொன்னாள். பச்சை, பக்கத்தில் சிவப்பு. போன மாதம் தோற்ற ஆட்டம். பச்சை, சிவப்பு. இந்த வருடம் ரெஜினாவிடம் தோற்ற ஒன்பது ஆட்டங்களிலும் ஆட்டத்தைக் கெடுத்த அந்த ஒரு நகர்த்தலில் சிவப்பு இருந்தது. மூன்று வருடமாக ஊர் உலகத்திடம் சொல்லி யாரும் நம்பாத விஷயம், இதோ திரையில் கோடு கோடாக.

"அப்ப நான் வேண்டாம்னு சொல்லியிருக்கறன். ஒம்பது தடவை சொல்லியிருக்கறன்!"

"சொல்லியிருக்கீங்க. ஆனா மேடம், அந்தச் சிவப்பு எப்ப வந்துதுன்னு ஒரு நேரக் கணக்கு இருக்குது. அதையும் ஒருக்கா..."

அவள் அதற்குள் தாளை அச்சுப்பொறியிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டாள்.

ரெஜினா தன் ஓய்வறையில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் கழித்து ஷன்மதி தன்னைத் தேடி வந்ததைப் பார்த்து எழுந்தேவிட்டாள். ஷன்மதி தாளை அவள் முன்னால் விரித்தாள்.

"பாரு. நீ ஓட்டுப் போட்டு என்ற கழுத்தை அறுத்தது எப்படின்னு பாரு. இதெல்லாம் நான் வேண்டாம்னு சொன்ன ஆட்டம். உன்ற கணக்குல வெற்றின்னு எழுதியிருக்கு."

ரெஜினா தாளை மேலோட்டமாகப் பார்த்தாள். சிவப்புக் கோடு என்னவென்று கேட்கவில்லை.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும். சோதனை ஓட்டத்துக்கு என்னையும்தானே வச்சு ஆடுனாங்க. எனக்க பதிவ அப்பமே பாத்துட்டேன்."

"தெரிஞ்சேதான் ஓட்டுப் போட்டியா?"

"தெரிஞ்சேதான்." ரெஜினா கிண்ணத்தை மூடினாள். "எனக்கதுல சிவப்பு ஒன்னவிட ரெண்டு மடங்கு, கேட்டியா. நல்லா போற ஆட்டத்துல, நல்ல நல்ல நகர்த்தலுக்கெல்லாம் சிவப்பு. உள்ள ஒருத்தி சரியா கண்டுபிடிக்கா, நான் அவ கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கேன். ஒனக்க முன்னால வந்து உக்காந்தா எனக்குப் பயம், ஷன்மதி. இருபது வருஷப் பயம். நீ முப்பத்தொண்ணு ஜெயிச்சேல்லா, அதுல பாதி நான் பயந்து விட்டது. பட்டை வந்தப்பம் யாரோ எனக்க பயத்தைப் பிடுங்கி எறிஞ்ச மாதிரி இருந்துச்சு. அதை வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல."

ஷன்மதியோ அவளைத் திருடி என்று திட்டத் தயாராக வந்தவள். திட்ட முடியாதபடி எதிராளி உண்மையைச் சொல்லிவிட்டால் வந்த கோபத்தை எங்கே வைப்பது?

"இத யாருட்டயும் சொன்னதில்ல. அம்மாட்ட கூட சொன்னதில்ல" என்றாள் ரெஜினா.

"அப்ப ஜெயிச்சது நீயா அதுவா?"

"அதான் எனக்கும் தெரிய மாட்டேங்குது."

ஷன்மதி தாளை மடித்து வைத்தாள். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா பழையபடி கையால ஆடலாம்னு ஒரு விதி இருக்குது. பழைய ஆளுங்களுக்காக விட்டு வெச்சது. கடைசி ஆட்டத்தைக் கையால ஆடலாமா?"

ரெஜினாவுக்குக் கோப்பை ஏறக்குறைய கைக்குள் இருந்தது. சமன் செய்தாலே போதும். மாட்டேன் என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடுவோம். எனக்கும் தெரியணும்" என்றாள்.

தலைமை நடுவர் அந்த விதியைத் தேடியெடுத்து இரண்டு முறை படித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒளிபரப்புக்காகப் பட்டையைக் கழற்ற வேண்டாம், பலகையோடு உள்ள இணைப்பை மட்டும் துண்டித்துவிடலாம் என்றார்கள். பழைய மரக்காய்களும் பொத்தான் கடிகாரமும் எங்கிருந்தோ வந்தன. அரங்கம் முழுக்க ஒரு சலசலப்பு. பாதிக்கையைப் பார்த்து மூன்று வருடமாகிவிட்டதே.

முதல் ஐந்து நிமிடம் எல்லாம் ஷன்மதி நினைத்தபடிதான் நடந்தது. ரெஜினா ஒரு சிப்பாயைத் தள்ளப் போய்த் தயங்கினாள். ராணியை முன்னால் கொண்டுவர வேண்டிய இடத்தில் மந்திரியைப் பின்னுக்கு இழுத்தாள். பயம் பழைய வீட்டுக்குத் திரும்பியவள் போல அவள் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது தெரிந்தது. ஷன்மதி ஒரு சிப்பாய் அதிகம் எடுத்தாள், பிறகு இன்னொன்று. ரெஜினாவுக்குப் பதினொரு விநாடி மீதி, ஷன்மதிக்கு இருபத்தாறு.

அப்போது ஒரு குதிரைப் பாய்ச்சல் அவள் கண்ணில் பட்டது. யானையையும் ராணியையும் ஒரே சமயத்தில் தாக்கும் பாய்ச்சல். கை கிளம்பியது. இங்கேதான் கை நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏனென்றால் அவளுடைய ராஜாவுக்கு முன்னால் நின்ற ஒரே காவல் அந்தக் குதிரைதான், அதை எடுத்தால் கதவு திறந்துவிடும். கை நிற்பதற்காக அவள் காத்திருந்தாள்.

கை நிற்கவில்லை. குதிரையின் கழுத்து விரல்களுக்கு நடுவே வந்த பிறகுதான் வேண்டாம் என்ற நினைப்பு வந்தது. தெளிவாக, சரியாக வந்தது. பிந்தி வந்தது.

தொட்ட காயை ஆடியாக வேண்டும். அவள் குதிரையை இருந்த கட்டங்களிலேயே கொஞ்சம் குறைவான கேடு உள்ளதில் வைத்தாள். எதுவும் உதவவில்லை. ரெஜினாவின் கை ராணியிடம் போனது, நின்றது, பின்னால் வந்தது, மறுபடி போனது. நான்கு விநாடி மீதி இருக்கும்போது ராணியை இறக்கி, "செக்மேட்" என்றாள்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டலுக்கு நடுவே ரெஜினா பலகைக்கு மேல் குனிந்து கேட்டாள். "வேணும்னே எடுத்தியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. அந்தக் குதிரைய எடுக்கக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ கைய நிறுத்தாம விட்டு நான் பாத்ததே இல்ல. எனக்குப் பரிதாபப்பட்டு விட்டுட்டேல்லா?"

"இல்லடி!"

ரெஜினா நம்பவில்லை. கையால், தானே ஆடி, ஷன்மதியை உலகத்தின் முன்னால் ஜெயித்த ஒரே பெரிய ஆட்டம். அதையும் தானம் என்று நினைத்துக்கொண்டு அவள் முகம் சுருங்கிப்போனது.

உடனே பத்திரிகையாளர் சந்திப்பு. தோற்றவரும் வந்து உட்கார வேண்டும் என்பது ஒப்பந்தம். நீண்ட மேசைக்குப் பின்னால் இருவரையும் அடுத்தடுத்து உட்கார வைத்தார்கள். முதல் கேள்வியே ஷன்மதிக்கு வந்தது.

"மேடம், பழைய நட்புக்காகக் கடைசி ஆட்டத்தை விட்டுக் கொடுத்துட்டீங்கன்னு பேசிக்கறாங்களே?"

சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அப்படியெல்லாம் இல்லை, ரெஜினா நன்றாக ஆடினாள், அவ்வளவுதான். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"விட்டுக் குடுத்தாத்தானே இவளால ஜெயிக்க முடியும்? மூணு வருஷமா இவ ஜெயிச்சதெல்லாம் பட்டை ஜெயிச்சதுங்க. என்னைப் பாத்தா இவளுக்கு நடுக்கம். இருபது வருஷமா பயந்து பயந்துதான் ஆடறா. நான் சொல்லலை, இப்ப மத்தியானம் இவளே என்கிட்டச் சொன்னா."

சொல்லி முடித்த பிறகு வேண்டாம் என்ற நினைப்பு வந்தது.

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். ரெஜினா தன் முன்னால் இருந்த ஒலிவாங்கியைப் பார்த்தாள், ஷன்மதியைப் பார்க்கவில்லை. "அவ சொன்னது நெஜந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஷன்மதி திரும்பவும் தொழில்நுட்ப அறைக்குத்தான் போனாள். இந்த முறை கதவைத் தட்டினாள். இர்ஃபான் சந்திப்பைத் திரையில் பார்த்திருந்தார். ஒன்றும் கேட்காமல் நாற்காலியைத் தள்ளினார்.

"அந்த நேரக் கணக்கைக் காட்டுங்க."

காட்டினார். மூன்று வருடத்துக்கு முன்னால், பட்டை வந்த புதிதில், பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு விநாடியில் பத்தில் இரண்டு பங்கு. இரண்டாவது வருடம் நான்கு பங்கு. இந்த வருடம் ஏழு. இன்றைக்குக் குதிரையைத் தொட்ட இடத்தில் ஏழே முக்கால்.

"கை காயைத் தொடறதுக்கு எவ்வளவு நேரமாகுங்க?"

"அரை விநாடி. அதுக்கு முன்னால வந்தாத்தான் கை நிக்கும். பழைய காலத்துல உங்களுக்கு அப்படித்தான் வந்துட்டு இருந்திருக்கும்."

"ஏன் பிந்துச்சு?"

"மூணு வருஷமா வந்து வந்து பாத்துது, யாரும் கேக்கலை. அவசரமா வந்து ஒரு பிரயோஜனமும் இல்லேன்னு அதுக்குப் புரிஞ்சுபோச்சுன்னு நினைக்கறேன். ரெஜினா மேடத்துக்கும் பிந்தித்தான் இருக்குது, ஆனா இவ்வளவு இல்ல. அவங்க பயத்துக்கு வேகம் ஜாஸ்தி."

"பேசறப்பவும் இதேதானா?"

இர்ஃபான் திரையைப் பார்த்தபடி சொன்னார். "ஆட்டத்துக்கு ஒண்ணு, வாய்க்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும்னு எனக்குத் தோணலைங்க."

"திரும்பி வருமா?"

"தெரியலை. இதுவரைக்கும் யாரும் கேக்கலை." அவர் திரையை அணைக்கப்போய், அணைக்காமல் நிறுத்தினார். "என்ற பொண்ணு ஸ்கூல்ல போன மாசந்தான் இந்தப் பட்டையைப் பரீட்சைக்குக் குடுத்திருக்காங்க. எழுதற நேரம் மிச்சமாகுதாம். நாந்தான் போய் மாட்டிவிட்டுட்டு வந்தேன்." அவர் செல்போனைத் தேடி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

அரங்கத்தின் பக்கவாட்டு வாசலில் ரெஜினா காருக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நாலு மணி வெயில். கோப்பை இருந்த அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்திருந்தாள். ஷன்மதி வேகமாக நடந்து வந்து நான்கடி தள்ளி நின்றாள். வழியெல்லாம் அவள் ஒன்றை முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். இனி வாயில் வருவதை ஒரு முழு விநாடி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவது.

"எதுக்குடி சொன்ன?" என்றாள் ரெஜினா.

நீ ஓட்டுப் போட்டதால் என்ற பதில் நாக்கின் நுனிக்கு வந்தது. ஷன்மதி நிறுத்தினாள். ஒரு விநாடி. வேண்டாம் வந்தது. விழுங்கினாள். நான் வேணும்னே சொல்லலை என்பது அடுத்து வந்தது. அதையும் நிறுத்தினாள். அதில் தப்பில்லைதான், ஆனால் சாக்கு போலக் கேட்குமோ? இன்னும் ஒரு விநாடி. மன்னிச்சுக்க என்று வந்தது. இது சரிதானே, இதற்கு வேண்டாம் வராதே, என்றாலும் வந்துவிட்டால்? அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு ரெஜினாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரெஜினாவுக்குத் தெரிந்தது அந்த இறுகிய உதடு மட்டும்தான்.

"மன்னிப்புக் கேக்குதுக்குக் கூட ஒனக்கு இவ்வளவு யோசிக்கணும், இல்லியா?" என்றாள். கார் வந்து நின்றது. பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது ஷன்மதிக்கு. அதற்கும் அவள் காத்திருந்தாள். கார்க் கதவு மூடிக்கொண்டது.

"இல்ல ரெஜி. மன்னிச்சுக்க" என்றாள், கார் அவிநாசி சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தபோது.

வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார். "என்னங்க மேடம், என்னையா கூப்பிட்டீங்க?"

அவருக்குப் பதில் சொல்லவும் அவள் ஒரு விநாடி காத்திருந்தாள்.